மகளிர் குழு: கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் முதலில் குழு உறுப்பினராக இருந்தேன். பிறகு குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் ஆனேன். இப்போது மற்ற ஊர்களுக்குப் போய்க் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த ஊர்ப் பாயில் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். புதிதாகக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கும், குழுவில் இருந்தும் என்ன நடக்கிறதென்று புரியாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த மகளிர் குழு யார் ஆரம்பித்தது? அரசாங்கத்துடையதா, நம்முடையதா?

சேமிப்பு நம் பணம். அதனால் குழுவும் நம்முடையதுதான். அரசும் வங்கியும் பின்னால் வந்து கைகொடுத்தவை.

1980-களின் நடுவில், கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் வேலை பார்த்த ஊர்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்துபோயின. அதிலிருந்து, ஒருவரை ஒருவர் நம்பியவர்கள் மட்டும் சின்னச் சின்னக் கூட்டமாகச் சேர்ந்து தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கைதான் இன்றைக்கும் குழுவின் மூலதனம். தமிழ்நாட்டில் 1989-ல் எங்கள் தருமபுரியில்தான் தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனையாக இறங்கியது. தருமபுரியில் நடந்த அந்தத் திட்டம், 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் போகத் தொடங்கியது. 2011-ல் மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது.

எத்தனை பேர் சேரலாம்? யாரைச் சேர்ப்பது?

12 முதல் 20 பேர். மலைக் கிராமங்களிலும், மாற்றுத்திறனாளிகள் குழுவிலும் 5 பேர் இருந்தாலே போதும். இருபதைத் தாண்டாத குழுவுக்குப் பதிவு எதுவும் தேவையில்லை.

எண்ணிக்கையைவிட, யார் விடுபடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். வாராவாரம் 50 ரூபாய் கட்ட முடியும் என்று தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டுக் குழு அமைப்பது சுலபம். பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. கூலி இல்லாத வாரம் கட்ட முடியாமல் போகுமே என்று பயந்து, மிகவும் இல்லாதவள் தானாகவே ஒதுங்கிக்கொள்வாள். நாமும் "அவளுக்கு விருப்பம் இல்லை" என்று எழுதிவிடுவோம்.

2005-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று ஒன்று செய்தார்கள். ஊர் மக்களே தெருவில் கோலப்பொடியால் ஊரை வரைந்து, ஒவ்வொரு வீடும் மிகவும் ஏழையா, ஏழையா, நடுத்தரமா, வசதியா என்று சொல்ல வேண்டும். அதே முறையை ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் நடத்திப் பார்த்தோம். எதை வைத்து ஏழை என்பது என்று கேட்டேன். ஓலைக்கூரை, நிலம் இல்லை, மாடு இல்லை என்று வந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "மாசக் கடைசியில யாரு சொம்பை எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்கு அரிசி கைமாத்து கேட்டு வர்றாங்கன்னு பாரும்மா, அவங்கதான்" என்றார். அதுவரை வசதி என்று வெள்ளைப்பொடி வைத்திருந்த ஒரு மெத்தை வீட்டுக்காரியைப் பார்த்து எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அரசு கொடுத்த வீட்டை முடிக்கக் கடன் வாங்கி, வட்டியிலேயே மூழ்கிக் கிடந்தவள் அவள். வெள்ளைப்பொடியை அழித்துவிட்டு அவள் வீட்டில் சிவப்பு வைத்தது, அந்த அரிசி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி.

உங்கள் குழுவுக்கும் இதைச் செய்து பாருங்கள். கட்ட முடியாதவர்களுக்குத் தொகையைக் குறைத்து வையுங்கள், சேர்க்காமல் விடாதீர்கள்.

சேமிப்பு எவ்வளவு வைக்கலாம்?

உங்களில் யாருக்குக் கை இறுக்கமோ அவளைக் கேட்டுத் தொகையை வையுங்கள். வாரம் 50 ரூபாய் என்றால், 15 பேருக்கு வாரம் 750. ஆறு மாதத்தில் 19,500 ரூபாய் சேர்ந்துவிடும். மாதக் கூட்டத்தைவிட வாரக் கூட்டம் நல்லது என்பது என் அனுபவம். மாதம் 200 ரூபாய் ஒரே நாளில் எடுத்து வைப்பது கூலிக்காரிக்குக் கஷ்டம்.

என்னென்ன நோட்டுகள் வேண்டும்? யார் எழுதுவது?

தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு தனிநபர் பாஸ்புத்தகம். வங்கிக்காரர்களும், குழு எப்படி நடக்கிறது என்று தரமதிப்பீட்டுக்கு வருகிறவர்களும் பஞ்ச சூத்திரம் என்று ஐந்தைப் பார்ப்பார்கள்: ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுப்பது), தவறாத திருப்பிச் செலுத்தல், கணக்கு. ஐந்தாவது சரியாக இருந்தால்தான் மற்ற நான்கும் நடந்ததற்கு ஆதாரம்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி எழுதலாம், வெளியிலிருந்து கணக்காளர் ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுத்தும் எழுதலாம். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டம் நடக்கும்போதே, எல்லோர் கண்முன்னாலும் எழுத வேண்டும். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் சாவகாசமா எழுதிக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் முடியும்முன் அன்றைய வரவு, செலவு, கையிருப்பு, வங்கியிருப்பு நான்கையும் சத்தமாக வாசிக்க வேண்டும்.

எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. எப்படிச் சரிபார்ப்பது?

பென்னாகரம் பக்கம் ஒரு குழுவில், கைநாட்டு வைக்கும் அறுபது வயது அம்மா ஒருவர் இருந்தார். கடன் தவணை கட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும், கதவுக்குப் பின்னால் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவார். ஐந்தாவது கோட்டைக் குறுக்காக இழுப்பார். ஒரு நாள் ஊக்குநர் பேரேட்டைப் பார்த்து, "பாட்டி, ஏழு தவணைதான் ஆகியிருக்கு" என்றார். பாட்டி, "இல்ல, எட்டு. வந்து பாரு" என்றார். குழுவே எழுந்து அவர் வீட்டுக்குப் போனது. சுவரில் எட்டுக் கோடு. திரும்பி வந்து ரொக்கப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினோம். ஊக்குநருக்குக் காய்ச்சல் என்று வேறொருத்தி எழுதிய வாரத்தில், ரொக்கத்தில் வரவு இருந்தது, பேரேட்டில் ஏறவில்லை. யாரும் திருடவில்லை. ஆனால் அந்தக் கரிக்கோடு இல்லாவிட்டால் பாட்டிக்கு ஒரு தவணை போயிருக்கும்.

அன்றிலிருந்து நான் போகும் குழுக்களில் எல்லாம் எழுத்தைவிட முன்னால் எண்ணைச் சொல்லிக்கொடுக்கிறேன். 0 முதல் 9 வரை தெரிந்துவிட்டால் பாஸ்புத்தகத்தைச் சரிபார்க்க முடியும். ரூபாய் நோட்டை அடையாளம் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அது நான்கு கூட்டத்தில் வந்துவிடும். 1991-ல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களே குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில் அங்கேதான். "இனிமேல் என்ன படிச்சு என்ன" என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

உள்கடனுக்கு எவ்வளவு வட்டி போடலாம்?

பெரும்பாலான குழுக்கள் நூற்றுக்கு 1 அல்லது 2 ரூபாய் போடுகின்றன. 2 வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். "வங்கியைவிட ஜாஸ்தியா இருக்கே" என்று கேட்பார்கள். வெளியே தண்டலும் மீட்டர் வட்டியும் எப்படி ஆளைச் சாப்பிடும் என்று உங்களுக்கே தெரியும். தவிர, இந்த வட்டி குழுவின் பெட்டிக்குத்தான் திரும்ப வரும்.

வட்டி வீதத்தைவிட, எதன்மேல் வட்டி போடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். 10,000 ரூபாய் கடன், மாதம் 1,000 அசல், பத்து மாதம், 2 வட்டி என்று வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 200, அடுத்தது 180, கடைசி மாதம் 20. மொத்தம் 1,100 ரூபாய். அசல் குறைந்தாலும் முழு 10,000-க்கே மாதாமாதம் 200 போட்டால் 2,000 ரூபாய். பெயர் இரண்டுக்கும் "ரெண்டு வட்டி"தான். வித்தியாசம் 900 ரூபாய். வெளியில் யாரிடம் கடன் வாங்கினாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா?

வங்கி எப்போது கடன் கொடுக்கும்? என்ன அடமானம்?

ஆறு மாதம் ஒழுங்காக நடந்து, தரமதிப்பீட்டில் தேறினால் கேட்கலாம். ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு முதல் கடன், குழுவிடம் உள்ள மொத்த நிதியைப் போல் ஆறு மடங்கு, அல்லது ஒன்றரை லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. கொஞ்சமாகக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்தக் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி.

அடமானம் கிடையாது. 20 லட்சம் வரை குழுக் கடனுக்கு எந்த ஈடும் கேட்கக்கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் குழு முதல் கடனுக்குப் போனபோது ஒரு கிளையில், கடன் தொகையில் ஒரு பகுதியை வைப்பாகப் போட்டால்தான் கையெழுத்து என்றார்கள். எங்களுக்கு விதி தெரியவில்லை, போட்டோம். கையில் வராத பணத்துக்கு இரண்டு வருஷம் வட்டி கட்டினோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கேட்டால், எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லுங்கள். வட்டார அளவில் மகளிர் திட்ட அலுவலகத்துக்கும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் மனு எழுதலாம்.

சுழல் நிதி என்று அரசு குழுவுக்குக் கொடுக்கும் பணம் வந்ததும் ஆளுக்கு ஆயிரம் என்று பிரித்துக்கொள்ளும் குழுக்கள் இருக்கின்றன. அது குழுவின் மூலதனம். சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அடுத்தவளுக்கும் கிடைக்கும்.

வாராவாரம் வசூலுக்கு வரும் மைக்ரோ பைனான்ஸ் குழுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. ஊரில் இரண்டையும் "குழுக் கடன்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் வந்த குழப்பம் எத்தனை குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது!

மகளிர் குழுவில் முதலில் சேமிப்பு, அப்புறம் கடன். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு வட்டி என்று முடிவு செய்வது நாம். வட்டியும் நமக்கே. மைக்ரோ பைனான்ஸில் ஐந்து பத்துப் பெண்களைச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்கள் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக் கடன் கொடுக்கிறார்கள். அங்கே சேமிப்பும் இல்லை, தீர்மானமும் இல்லை. வட்டி நிறுவனத்துக்கு. அவசரத்துக்கு அது உதவுவதில்லை என்று சொல்லமாட்டேன். வங்கி ஆறு மாதம் அலையவிடும் ஊரில் அவர்கள் ஒரு வாரத்தில் கொடுக்கிறார்கள். ஆபத்து எப்போது என்றால், ஒரு நிறுவனத்தின் தவணை கட்ட இன்னொரு நிறுவனத்தில் வாங்கும்போது. 2010-ல் ஆந்திரத்தில் அப்படி மேல்மேல் கடன் ஏறி, வசூல் நெருக்கடியில் உயிர்கள் போயின. அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது.

இந்த விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்டவை:

- ஒரு குடும்பம் எல்லா இடத்திலும் கட்டும் மாதத் தவணை மொத்தமாக, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.
- காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது.
- மிரட்டவோ, கெட்ட வார்த்தை பேசவோ, உறவினர்களைத் தொந்தரவு செய்யவோ கூடாது.
- வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத்தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும்.
- முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது.

ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்தால், அது விதிமீறல். பயப்படாமல் சொல்லுங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. 2025-ல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கவும் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

ஒருத்தி கட்டவில்லை என்றால் என்ன செய்வது?

வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சண்டைக்கு அல்ல, விஷயம் என்னவென்று கேட்க. மாடு செத்துப்போயிருக்கும், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். அப்படியானால் தீர்மானம் போட்டுத் தவணையைத் தள்ளிக் கொடுங்கள், அந்தத் தீர்மானத்தை எழுதி வையுங்கள். வேண்டுமென்றே கட்டாதவளுக்குப் புதுக் கடன் இல்லை என்பது போதும். பாத்திரத்தைத் தூக்குவது, தெருவில் நின்று கத்துவது இரண்டும் நம் குழுவில் நடக்கக்கூடாது. அதிலிருந்து தப்பிக்கத்தானே குழு ஆரம்பித்தோம்.

ஒரு உறுப்பினரோ அவள் குடும்பத்தாரோ வங்கியில் பாக்கி வைத்திருப்பதைக் காட்டிக் குழுவுக்கே கடன் மறுக்கவும் கூடாது. குழு பாக்கி வைக்காமல் இருந்தால் போதும்.

வீட்டு ஆண்கள் கடன் வாங்கித் தரச் சொல்லி நெருக்குகிறார்கள். என்ன செய்ய?

இதைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது வந்து காதோடு கேட்பார்கள்.

கடன் விண்ணப்பம் வரும்போது, எதற்கு என்று குழு கேட்க வேண்டும், பணம் போனபின் ஒரு மாதத்தில் போய்ப் பார்க்கவும் வேண்டும். "குழுவில் கேட்பாங்க, வந்து பார்ப்பாங்க" என்று வீட்டில் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும். அவள் தனியாக "முடியாது" என்று சொன்னால் அடி விழலாம். பதினைந்து பேர் சொன்னால் அது தீர்மானம். அடி, உதை வரை போனால் 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரண்டு பேர் கூடப் போங்கள்.

ஒரே ஆள் பத்து வருஷமாக ஊக்குநராக இருக்கிறார். மாற்றலாமா?

மாற்றியே ஆக வேண்டும். அவர் நல்லவராகவே இருந்தாலும். மற்றவர்கள் வங்கிப் படியேறக் கற்றுக்கொள்வது அப்போதுதான். நானும் ஐந்து வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள். விலகியபோது எனக்கு மனசு வலித்தது. எனக்குப் பின் வந்தவள் என்னைவிட நன்றாகவே செய்தாள்.

என்ன தொழில் செய்தால் லாபம்?

பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பினாயிலும் மெழுகுவர்த்தியும் போட்டு, விற்க இடமில்லாமல் வீட்டில் அடுக்கி வைத்த குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். சந்தையில் போய் நின்று, நம் ஊரில் எது தினமும் வெளியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இட்லி மாவு வருகிறதா, முட்டை வருகிறதா? எங்கள் பக்கம் ராகியும் ஆடும் கறவை மாடும்தான் கைகொடுக்கின்றன. மாடு வாங்கினால் காப்பீடு போடாமல் விடாதீர்கள்.

குழு என்றால் கடன் மட்டும்தானா?

கடன் மட்டும் என்றால் எனக்கு இத்தனை வருஷம் இந்த வேலை பிடித்திருக்காது. கணக்குக் கேட்கப் பழகிய பெண்கள் அப்படியே ஊராட்சிக் கணக்கையும் கேட்கிறார்கள். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, ரேஷன் கடை, விதவை ஓய்வூதியம், எதுவாக இருந்தாலும் முந்தின வாரமே குழுவில் பேசித் தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே தீர்மான நோட்டில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். வெற்றுத்தாளில் வருகைக் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்துவிட்டது. கணவர் பெயரைச் சொல்லி நிற்காமல், குழுவில் வளர்ந்தவள் நிற்கட்டும்.

கட்சிக் கூட்டத்துக்குக் குழுவோடு வரச் சொல்கிறார்கள். போகலாமா?

தனி ஆளாகப் போவது உங்கள் விருப்பம். குழுவாகப் போகக்கூடாது. வராதவளுக்குக் கடன் இல்லை என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு விதியே கிடையாது.

விலகினால் சேமிப்பு திரும்ப வருமா?

வரும். கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். எத்தனை நாளில், லாபத்தில் பங்கு உண்டா என்பதைக் குழு தொடங்கும்போதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

எங்கள் குழு உடைந்து ஐந்து வருஷம் ஆகிறது. மறுபடி தொடங்க முடியுமா?

முடியும். நின்றுபோன குழுவைத் தூக்கி நிறுத்தி மூன்று மாதம் ஒழுங்காக நடத்தினாலே வங்கிக் கடன் கேட்கலாம். ஆனால் பழைய கணக்கை மூடாமல் புதுப் பாயை விரிக்காதீர்கள். உடைந்த குழு எதுவானாலும், யாரோ ஒருத்தி பணம் போனது என்ற சந்தேகத்தோடுதான் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். பழைய உறுப்பினர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தனிநபர் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வங்கிக்குப் போய்ப் பழைய கணக்கின் பதிவுகளை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் சேமிப்பு வேண்டாம், கடன் பேச்சும் வேண்டாம். ஒவ்வொரு பெயராக வாசித்து, யாருக்கு எவ்வளவு வர வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு கூட்டம் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். கடைசிப் பெயர்வரை எழுதி முடித்த பிறகு, அடுத்த வாரம் எல்லோரும் 50 ரூபாய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.